பால்மாத் தகரத்தில் ஓடிய லாண்ட்றோவர்

"பெயர்: முத்தையா மீனம்மா. பிறந்த ஆண்டு: 1961. பதவி: சுத்திகரிப்புத் தொழிலாளி, தற்காலிகம், நாட்சம்பளம். கல்வித் தகைமை: இல்லை. ஏனைய தகைமைகள்: இல்லை. கண்பார்வை: குறைபாடு உண்டு. நுணுக்கமான வேலைகளிலோ இயந்திரம் சார்ந்த வேலைகளிலோ ஈடுபடுத்துவதற்கு உகந்தவரல்லர்."

இதைத் தட்டச்சில் அடித்தவன் நான். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, துணுக்காயில் ஒரு நெற்களஞ்சியத்தின் பாதிக்குள் இயங்கிக்கொண்டிருந்த சுகாதாரக் கந்தோரில் அப்போது நான் இலிகிதர். அந்தக் குறிப்பில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. மீனம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. பார்வையும் மோசம்தான். கண்ணைச் சோதித்த அன்று, இருபது அடி தள்ளிச் சுவரில் தொங்கிய அட்டையின் ஆகப் பெரிய எழுத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று டொக்டர் கேட்டார். "சொவரு தெரியுதுங்க" என்றாள். அதற்குமேல் சோதிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. வெளியே நூற்றிருபது பேர் நின்றார்கள். தூரத்தில் தெரியாத கண் கிட்டத்தில் எப்படி என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடமும் இருக்கவில்லை.

மீனம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு பெற்றோர் அவளை வன்னிக்குக் கூட்டிவந்தபோது வயது பதினாறு. பாதுகாப்பான இடம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களாம். அதன்பிறகு ஆறு தடவை இடம்பெயர்ந்துவிட்டாள். இருபது வருடத்தில் எங்களுடைய "ஓம்" அவளுக்குப் பழகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் "ஆமாங்க" என்பாள். அக்கராயன் என்ற ஊரின் காட்டுப்பக்கம் கணவன் விறகு வெட்டினான். குடும்பம் கல்விளான் முகாமில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒரு மகனைச் சின்னமுத்து என்ற அம்மைநோய்க்குக் கொடுத்திருந்தாள். இப்போது கடைசிப் பிள்ளை தேனுகா. ஒன்பது மாதம்.

கந்தோர் வேலை முடிந்தபின் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் வைத்து அடைத்துக் கொடுப்பாள். போர்த் தடையால் புதுப் பாத்திரம் வன்னிக்குள் வராத காலம். ஒழுகாத கேத்தில் ஒன்று இருந்த வீடு அந்த வட்டாரத்தில் இருந்ததா என்பது சந்தேகம். அடைத்ததற்குக் கூலியாக அரிசியோ மாவோ கொடுப்பார்கள். சிரட்டைக் கரியில் காய்ச்சிய ஒரு செப்புக்கோல், கொஞ்சம் ஈயம், கோயிலில் புகைபோடுகிற குங்கிலியத்தில் ஒரு துண்டு: இவ்வளவும்தான் அவளுடைய பட்டறை. குங்கிலியம் போட்டால் ஈயம் ஒட்டும் என்பதைத் தோட்டத்து ஃபாக்டரியில் அவளுடைய அப்பாவிடம் பார்த்தாளாம். சேவைக் குறிப்பில் இதற்கும் இடமிருக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு எல்லோருக்கும் களைப்பு. காரணம் கேட்டால் மறுமொழி சொல்லவும் களைப்பு. காலையில் கந்தோருக்கு வந்தவர்கள் முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள். சும்மா இருந்த நேரம் வரவர நீண்டது.

எங்களிடம் ஒரு லாண்ட்றோவர் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மலேரியாவை ஒழிப்பதற்கென்று வந்தது. மலேரியா ஒழியவில்லை, லாண்ட்றோவரும் ஒழியவில்லை. பெற்றோலில் ஓடுவதற்கென்று செய்த வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. முன்னால் கைப்பிடியைச் சுழற்றினால்தான் எஞ்சின் எழும்பும். அதன் சாரதி கதிர்காமநாதன் தென்மராட்சிக்காரர், ஐம்பத்துநாலு வயது. பதவி சாரதி என்றாலும், மெக்கானிக் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டார்.

புரட்டாதியில் மல்லாவி முகாமில் சின்னமுத்து தொடங்கியது. இரண்டு கிழமையில் பாண்டியன்குளத்துக்குப் போனது. பெரியவர்களைப்போலவே அதுவும் முகாம் முகாமாக நகர்ந்தது. அடுத்தது கல்விளான் என்று சொல்வதற்கு டொக்டர் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஒரு குளிர்பெட்டி தந்தது. வாகனத்தில் பொருத்திப் பூட்டி, வாகன மின்சாரத்தில் ஓட்டுகிற பெட்டி. வவுனியாவில் இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியை அனுமதித்தார்கள். அதோடு வந்த புதுப் பற்றறியை இறக்கி வைத்துக்கொண்டார்கள். தடுப்பு மருந்தும் வரும், அதற்கும் அனுமதி உண்டு. மருந்து வரலாம், பெட்டி வரலாம், குளிர் மட்டும் வரமுடியாது. ஒக்ரோபர் இருபதாம் திகதி லொறி வரும் என்றும், அன்று பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் மருந்தை இறக்குவதாகவும், இல்லாவிட்டால் அப்படியே புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோய்விடுவதாகவும் கடிதம் சொன்னது.

எங்கள் தாதி விமலேஸ்வரி கடிதத்தோடு வண்டியடிக்கு வந்தார். எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது.

"கதிர்காமநாதண்ணை, பெட்டியைப் பூட்டிப்போட்டியளே?"

"பூட்டியாச்சு மிஸ்ஸி."

"ஓடுதோ?"

"ஓடும். வண்டி முப்பது மைல் வேகத்தில போனா ஓடும்."

"அப்ப போங்கோவன்."

"இந்த றோட்டிலயோ? உங்கட அப்பரே சைக்கிளில என்னை முந்திக்கொண்டு போறார். இதுக்குள்ள கிடக்கிறது பழைய டைனமோ மிஸ்ஸி. எஞ்சின் பறந்தாத்தான் அது கரண்ட் தரும். உருண்டால் தராது. நிண்டால் பற்றறியில உள்ளதையும் பெட்டி குடிச்சுப்போடும்."

"எனக்கு வண்டி ஓடத் தேவையில்லை அண்ணை. குளிர் ஓடவேணும்."

அதற்கு வழி ஆல்டனேற்றர் என்றார் கதிர்காமநாதன். பிந்திய காலத்து வாகனங்களில் டைனமோவுக்குப் பதிலாக இருப்பது. எஞ்சின் நின்ற இடத்தில் நின்று முனகினாலே மின்சாரம் தரும். வன்னி வீதிகளுக்கென்றே கண்டுபிடித்ததுபோன்ற சாமான். ஆகவே வன்னிக்குள் கொண்டுவரத் தடை.

உள்ளே ஏற்கனவே இருந்த ஒன்றைத் தேடினோம். மல்லாவி வீதியோரம் வியாபாரி பரமலிங்கத்தின் வான் ஒன்று, எண்ணெய் இல்லாமல் இரண்டு வருடமாக நின்றது. கதிர்காமநாதனும் நானும் போய்க் கேட்டோம். பரமலிங்கம் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"கழட்டுங்கோ. எனக்கென்ன, அது ஓடப்போகுதே? ஆனா பின் சீற்றுப் பக்கம் போகாதேங்கோ. கோழி அடைகாக்குது."

கோழியைக் கலைக்காமல் ஆல்டனேற்றரைக் கழற்றினோம். அதை லாண்ட்றோவரில் பொருத்துவதற்குக் கதிர்காமநாதன் வண்டியின் வில்லுத்தகடு ஒன்றை வெட்டித் தாங்கி செய்தார். மூன்று நாள் வேலை. நன்றாகவே செய்தார் என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏழு வருடமாக எங்களுக்கு மின்சாரம் என்றால் சைக்கிள் டைனமோதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுழற்றினால் விளக்கு எரியும். எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். நேர்முனை, எதிர்முனை என்பதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு முடிந்துபோன விஷயம். கதிர்காமநாதன் ஒருகாலத்தில் இதை அறிந்திருந்தவர்தான். ஏழு வருடம் அந்த அறிவுக்கு வேலை இருக்கவில்லை. அது தன் பாட்டில் எங்கோ இடம்பெயர்ந்துவிட்டது. பற்றறி பழையபடி நின்ற நிலையிலேயே ஆல்டனேற்றரின் வயரை அதில் தொட்டார்.

"சர்" என்று ஒரு சத்தம். பிறகு புகை. பொனற்றுக்குள்ளிருந்து வந்த புகையைப் பார்த்து, கந்தோருக்கு வந்திருந்த சனம் ஓடத் தொடங்கியது. எந்தச் சத்தத்துக்கும் ஓடிப் பழகியவர்கள். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து, களைப்போடு திரும்பி வந்தார்கள்.

"என்ன அண்ணை நடந்தது?" என்றார் விமலேஸ்வரி.

கதிர்காமநாதன் கையால் விசிறிப் புகையைக் கலைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "எரிஞ்சுபோச்சு" என்றார்.

கரியைத் துடைக்கும் வேலை, இயந்திரம் சார்ந்த வேலை அல்ல என்பதால், மீனம்மாவுக்கு வந்தது. சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டு கேத்தில் விளக்குவதுபோல விளக்கினாள். கரியோடு பெயின்றும் உரிந்தது. ஒரு பச்சை, அதற்குக் கீழே ஒரு சாம்பல், அதற்குக் கீழே ஒரு வெள்ளை. அதற்கும் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தகடு.

"ஐயா, இங்கன என்னமோ எழுதியிருக்கு. வந்து பாருங்க."

போய் வாசித்தேன். இந்த வண்டியில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, கவனம், என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. பிந்திய வாகனங்களில் எல்லாம் அதற்கு எதிர். கதிர்காமநாதனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"முதலே அதுக்கு மேல மூண்டு பெயின்ற் இருந்தது."

"பெயின்ற் அடிச்சவங்களை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கடைசிப் பெயின்ற் அவர் அடித்தது.

ஆல்டனேற்றரை மீனம்மாவின் அலுமினியப் பேசனில் வைத்து, அவள் தலையில் ஏற்றி, மூவருமாகச் சந்தியில் இருந்த சிற்றம்பலத்தின் தகரக் கொட்டிலுக்குப் போனோம். சிற்றம்பலம் றேடியோ திருத்துகிறவர். அறுபதை நெருங்கியிருந்தார். கிளிநொச்சியை விட்டு வந்தபோது மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. புதியதுக்குச் சொல்லி ஒரு வருடமாகிறது. சாமானை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"சுருள் தப்பியிருக்கு. டயோட் ஆறும் போச்சு."

டயோட் என்பது மின்சாரத்தை ஒரு பக்கம் போகவிட்டு, மறுபக்கம் திரும்ப விடாத சின்னச் சாமான். வவுனியாப் பாதையில் போனவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

"ஆறு கிடைக்குமோ?" என்றார் கதிர்காமநாதன்.

"கொழும்பில கிடைக்கும். இஞ்ச றேடியோவுக்குள்ள கிடக்கிற நெல்லுமணி டயோட்தான் இருக்கு. அது இந்தக் கரண்டுக்குத் தாங்காது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "பன்னிரண்டைச் சேத்துக் கட்டினா ஒண்டின்ர வேலை செய்யும். ஆறு கட்டு. எழுபத்திரண்டு. ஒரு கட்டில எல்லாம் ஒரே பக்கம் பாக்கவேணும். ஒண்டு மாறி நிண்டாலும் திரும்பப் புகைதான். ஆரப்பா இருந்து ஒட்டுறது? எனக்குக் கிட்டத்தில ஒண்டும் தெரியாது. உமக்கு?"

கதிர்காமநாதன் ஒரு டயோட்டை வாங்கிப் பார்த்தார். கையை நீட்டினார், இன்னும் நீட்டினார். "கறுப்பா ஏதோ" என்றார்.

மீனம்மா மேசையிலிருந்து ஒன்றை எடுத்து, மூக்குக்கு நேரே, ஏறக்குறைய முகர்வதுபோலப் பிடித்தாள்.

"ஒரு முனையில வெள்ளியா வளையம் இருக்குங்க. அதுக்குக் கீழ நம்பர் மாதிரி நாலு எழுத்து. ரெண்டாவது எழுத்து கொஞ்சம் அழிஞ்சிருக்கு."

சிற்றம்பலம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தத் தூரத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. "அந்த நம்பரை நான் பாத்து ஒரு வருசம் பிள்ளை."

"ஈயம் ஒட்டத் தெரியுங்க" என்றாள் மீனம்மா.

கதிர்காமநாதனுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன பானை சட்டியெண்டு நினைச்சியோ?"

"பானைன்னா ஒழுகினாத் தெரிஞ்சிரும் டிரைவரய்யா. இது பொகைஞ்சாத்தான் தெரியுது."

சிற்றம்பலம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அது நிற்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று ஒக்ரோபர் நான்கு. பதினாறு நாள் இருந்தது.

ஒரு செத்த றேடியோவில் பொதுவாக நாலு டயோட் கிடைக்கும். சிற்றம்பலத்திடம் இருந்ததைக் கழற்றியது போக, மிச்சத்துக்கு வீடு வீடாகப் போனோம். செத்த றேடியோ இல்லாத வீடு இல்லை; கொடுக்க மனமுள்ள வீடு குறைவு. பற்றறி ஒருநாள் வரும், றேடியோ பாடும் என்ற எண்ணத்தை விற்கவோ தானம் செய்யவோ யாரும் இலேசில் உடன்படவில்லை. அன்னபாக்கியம் என்ற அம்மாவிடம் பெரிய ஜப்பான் றேடியோ ஒன்று சேலைத்துண்டு போர்த்தியபடி அலுமாரிக்கு மேல் இருந்தது. அவருடைய கணவர் லண்டனில்.

"ஐயோ, அவர் ஒவ்வொரு கடிதத்திலயும் கேக்கிறவர், றேடியோ எப்பிடி இருக்கெண்டு. என்னை அப்பிடிக் கேக்கிறேல்லை."

"சின்னமுத்துக்கு மருந்து வைக்கத்தான் அம்மா" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "பெட்டியைத் திருப்பித் தருவியளே?"

"உள்ளுக்குக் கொஞ்சச் சாமான்தான் எடுப்பம். பெட்டி தருவம்."

"அப்ப எடுங்கோ. உள்ளுக்கு என்ன கிடந்ததெண்டு அவருக்கென்ன தெரியும்? எனக்குள்ள என்ன கிடக்கெண்டே தெரியாத மனுசன்."

அந்த றேடியோவில் எட்டு இருந்தது. அன்னபாக்கியம் அம்மா வெறும் பெட்டியை மறுபடி அலுமாரிக்கு மேல் ஏற்றி, சேலைத்துண்டைப் போர்த்திவிட்டார்.

மீனம்மா களஞ்சியத்தின் பின் முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினாள். காலையில் கூட்டித் துடைத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, மருந்து கட்டும் அறையைக் கழுவி, அதன் பிறகு. அவளை அந்த வேலைகளிலிருந்து விடுவிக்கலாம் என்று நான் சொன்னேன். எந்தப் பதவிப் பெயரில் விடுவிப்பது என்று மேலதிகாரி கேட்டார். 

எழுபத்திரண்டும் ஆல்டனேற்றருக்குள் அடங்காது. அதன் மூன்று வயரையும் வெளியே இழுத்து, டயோட்டுகளை ஒரு தகட்டில் வைத்து, முன்சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் காற்றுப் படும்படி பூட்டுவதென்று சிற்றம்பலம் சொல்லியிருந்தார். பெரிய பால்மாத் தகரம் ஒன்றை மீனம்மா வெட்டி விரித்தாள். பழைய றேடியோக்களின் ஈயத்தைக் கரிச்சட்டியில் உருக்கிச் சேர்த்தாள். முகம் தகட்டுக்கு நாலு விரல் உயரத்தில். செப்புக்கோலின் வெக்கையில் முன்மயிர் கருகியது. வளையம் உள்ள பக்கம் தலை, மற்றது கால். மூன்று கட்டில் எல்லாவற்றுக்கும் தலை மேலே. மூன்று கட்டில் கால் மேலே. ஒவ்வொன்றையும் ஒட்டுவதற்கு முன் பற்றறியில் ஒரு சிறு விளக்கோடு தொட்டுப் பார்ப்பாள்: ஒரு பக்கம் எரியவேண்டும், மறுபக்கம் எரியக்கூடாது. இரண்டு பக்கமும் எரிந்ததையும், எரியாததையும் ஒரு சிரட்டையில் போட்டாள். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு ஒட்டினாள்.

முதல் இரண்டு நாளும் கதிர்காமநாதன் பக்கத்தில் நின்று, இப்படி அல்ல அப்படி என்றார். மூன்றாம் நாள் பேசாமல் நின்றார். நாலாம் நாள் பனங்கட்டியோடு பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"என்னங்க இது?"

"தேத்தண்ணி. தோட்டத்தில குடிச்சதில்லையோ?"

"குடிச்சிருக்கோம். ஆரும் கொண்டாந்து தந்ததில்ல."

ஒக்ரோபர் பதினைந்தாம் திகதி எழுபத்திரண்டும் முடிந்தது. மிஞ்சிய ஒன்பதை மீனம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். கதிர்காமநாதன் பற்றறியைத் திருப்பிக் கட்டினார். ஒவ்வொரு வயரையும் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டுப் பித்தளைத் தகட்டை மறுபடி வாசிக்கச் சொன்னார். நாலு தடவை வாசித்தேன். கைப்பிடி சுழன்றது. எஞ்சின் எழும்பி, இருமி, முனகத் தொடங்கியது. புகை வரவில்லை. புகை வரும் என்று கொஞ்சம் தள்ளி நின்ற சனம் ஏமாற்றத்தோடு கலைந்தது. அரை மணி கழித்து விமலேஸ்வரி குளிர்பெட்டிக்குள் கையை விட்டார்.

"கை விறைக்குது" என்றார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அந்த வெயிலில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இருபதாம் திகதி லொறி வந்தது; மருந்தை இறக்கியது. மறுநாள் புறப்பாடு. மல்லாவி முதலாம் நாள், பாண்டியன்குளம் இரண்டாம் நாள், கல்விளான் மூன்றாம் நாள். பகல் முழுக்க எஞ்சின் ஓடவேண்டும். இரவில் மூடியைத் திறக்காமல் விட்டால் காலைவரை குளிர் நிற்கும்.

வண்டியடியில் கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். "மிஸ்ஸி, கல்விளானை முதல் வைச்சா என்ன? மீனம்மான்ர பிள்ளையும் அங்கதான்."

விமலேஸ்வரி பட்டியலைப் பார்த்தார். "மல்லாவியில நேற்றும் ஒண்டு செத்தது அண்ணை."

இருவரும் மீனம்மாவைப் பார்க்கவில்லை. அவள்தான் சொன்னாள்: "மல்லாவிக்குத்தாங்க மொதல்ல போவணும்."

அவளை வண்டியில் ஏற்றுவதற்கு விதியில் இடமில்லை. தகட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால், "சுமைகள்" என்ற இடத்தில் அவளை எழுதிக்கொண்டேன். மட்காட்டுக்குப் பக்கத்தில், ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி இருந்தாள். மடியில் கரிச்சட்டி.

இரண்டு நாளும் குறையில்லாமல் போனது. மூன்றாம் நாள் காலை, பாண்டியன்குளத்திலிருந்து கல்விளானுக்குப் போகிற வழியில், முகாமிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, அங்கே இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் கண்சிவப்பும் என்றார். மீனம்மா எந்தக் குடிசை என்று கேட்டாள். அவளுடையதிலிருந்து மூன்றாவது.

அதற்குப் பிறகு அரை மைல்கூடப் போகவில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. தகட்டில் ஒரு கட்டின் ஒட்டு விட்டது. ஒன்று விலக, அதன் பாரத்தை மற்றவை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெந்தன. எஞ்சின் ஓடியது, பெட்டி நின்றது. அதே நேரம் மழையும் தூறத் தொடங்கியது.

விமலேஸ்வரி பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். ஐந்து பாகை. மூடியை இறுக்கி மூடினார்.

"எட்டுக்கு மேல போனா இதை நான் போடமாட்டன், மீனம்மா. ஆரின்ர பிள்ளையா இருந்தாலும்."

"தெரியுங்க மிஸ்ஸி."

"அப்பிடிப் போட்டா, போட்டதெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம். போடாததை விட அது மோசம்."

"தெரியுங்க."

பற்றவைக்க நெருப்பு வேண்டும். மழையில் கரி பிடிக்க மறுத்தது. கதிர்காமநாதன் எண்ணெய்த் தாங்கியிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து ஊற்றினார். எங்களிடம் இருந்தது ஒரு குடை. அதை அவர் விரித்து, தகட்டுக்கும் கரிச்சட்டிக்கும் மீனம்மாவின் தலைக்கும் மேலாகப் பிடித்தார். அவருக்கு மேல் மழை பெய்தது. தென்மராட்சியில் அவருடைய உறவினர் யாராவது அந்த நேரம், கூட்டித் துடைக்கிறவளுக்குக் குடைபிடித்த அந்தக் கோலத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கையை ஆட்டாதீங்கய்யா. தண்ணி சொட்டுது."

"நான் ஆட்டேல்லை. காத்து."

"காத்தையும் ஆட்ட வேணாம்னு சொல்லுங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெந்த ஏழையும் கழற்றினாள். புதியதை ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்து, தலை எது கால் எது என்று பார்த்து வைத்தாள். கோல் ஆறினால் கரிக்குள் செருகிக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில்தான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவசரம் தெரியவில்லை. வெறும் களைப்புத்தான் தெரிந்தது, நாள் முழுக்கத் தண்ணீர் அள்ளியவர்களுக்கு வருகிற களைப்பு. விமலேஸ்வரி அரை மணிக்கு ஒரு தடவை மூடியை ஒரு விரலளவு தூக்கிப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஆறு. ஆறரை. ஏழு. 

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு மீனம்மா நிமிர்ந்து, "சுத்துங்க" என்றாள். நான் கைப்பிடியைச் சுழற்றினேன். பெட்டிக்குள் மோட்டார் இரண்டு தடவை விக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. வெப்பமானியில் ஏழரை நின்றது. கொஞ்ச நேரம் அதிலேயே நின்றது. பிறகு இறங்கியது.

கதிர்காமநாதன் குடையை மடக்க மறந்துபோய், விரித்த குடையோடு சாரதி ஆசனத்தில் ஏறப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கல்விளான்வரை இருபது நிமிடம், நடக்கிற வேகத்தில் போனோம்.

முகாமில் வரிசை ஏற்கனவே நின்றது. மீனம்மாவின் மூத்த மகள் தேனுகாவை இடுப்பில் வைத்தபடி வண்டியடிக்கு ஓடிவந்தாள். மீனம்மா பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மகளை வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மட்காட்டில் மறுபடி ஏறி இருந்தாள். எஞ்சின் ஓடும்வரை தகட்டை விட்டு நகர முடியாது. பிற்பகல் மூன்றரைக்குத் தேனுகாவின் முறை வந்தது. பிள்ளை அழுத சத்தம் வண்டிவரை கேட்டது.

மூன்று முகாமிலும் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட்டோம். மீனம்மா பதினொரு நாள் இருந்து எழுபத்திரண்டு டயோட்டுகளை ஒட்டினாள். வழியில் வெந்துபோன ஏழை மழைக்குள் மாற்றினாள். மருந்தை மூன்று நாள் எட்டுப் பாகைக்குக் கீழே வைத்திருந்தாள்.